பிளாஸ்க் கப்பில் ஈயமா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கையிலிருக்கும் பிளாஸ்க் கப்பைக் காலி செய்து, ஈரம் போகத் துடைத்து, மேசைமேல் தலைகீழாக வையுங்கள். அடியில் ரப்பர் உறை மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். ஈயம், அதாவது ஆங்கிலத்தில் லெட் என்கிற நச்சு உலோகம், இருக்கிறதா, இருந்தால் நமக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கப்பின் உள்ளே இல்லை, வாய் வைக்கும் விளிம்பிலும் இல்லை. அந்த அடிப்பாகத்தில், ஒரு சிறு பொட்டில்தான் இருக்கிறது.

2024 ஜனவரியில் ஒரு விடிகாலை, டாலஸிலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, தீபாவளிக்கு நான் குடுத்தனுப்பினேனே ஸ்டான்லி கப், அதுல லெட் இருக்காம். இங்க எல்லாரும் வீடியோ போட்டுட்டிருக்காங்க. பாப்பாவும் அதே மாதிரி கப்லதான் தினமும் தண்ணி குடிக்கிறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "ஈயந்தானே கண்ணு? நாம ஈயச் சொம்புல ரசம் வெக்கறதில்லையா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

மருமகளின் பயம் அளவுக்கு மேல். மாமியாரின் தைரியம் அதைவிடத் தப்பு. அன்றைக்கு இருவருக்கும் சொன்னதையும், பின்னால் என் கப் ஒன்று கீழே விழுந்து நானே கற்றுக்கொண்டதையும் சேர்த்து, இந்தக் குழப்பத்தில் புதிதாக மாட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தப் பொட்டு ஏன் அங்கே இருக்கிறது

பிளாஸ்க் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்டீல் குவளைகள். விளிம்பில் இரண்டையும் சேர்த்து வெல்டு வைத்துவிடுவார்கள். இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் சூடு எளிதில் கடந்துபோக வழி கிடையாது; காலையில் ஊற்றிய காபி மதியம் வரை சுடுவது அதனால்தான். காற்றை எடுக்க ஒரு துளை வேண்டுமே, அது வெளிக் குவளையின் அடியில், நட்டநடுவில் இருக்கிறது. கப்பைக் கவிழ்த்து, துளையருகே ஒரு சிறு கண்ணாடி மணியை வைத்து, வெற்றிட உலைக்குள் தள்ளுவார்கள். காற்று வெளியேறியதும் சூட்டை ஏற்ற, மணி உருகித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆறியபின் பார்த்தால் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

இந்த மணி நாம் ஜன்னலில் பார்க்கிற கண்ணாடி மாதிரியானதல்ல. குறைந்த சூட்டிலேயே இளகி, ஸ்டீலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக அதில் ஈயம் சேர்ப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். பொட்டின்மேல் ஒரு ஸ்டீல் தட்டை மூடிவிடுவார்கள். நாம் மேசையில் வைக்கும்போது மேசையைத் தொடுவது அந்தத் தட்டுதான், பொட்டு அல்ல.

வீடியோக்கள் கிளப்பிய பரபரப்பில், அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 2024 ஜனவரியில் இதைத்தான் ஒப்புக்கொண்டது: அடியில் அடைக்கும் பொருளில் கொஞ்சம் ஈயம் உண்டு, அதை ஸ்டீல் தட்டு மூடியிருக்கிறது, நம் கையோ குடிக்கும் பானமோ படும் எந்தப் பரப்பிலும் ஈயம் இல்லை, தட்டு கழன்றால் வாரண்டியில் மாற்றித் தருவோம். பலர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பயந்தார்கள்.

இங்கே ஒன்றை மனதில் வரைந்து பாருங்கள். தண்ணீருக்கும் அந்தப் பொட்டுக்கும் நடுவே உள் குவளையின் சுவர், அப்புறம் வெற்றிடம், அப்புறம் வெளிச் சுவர். ஆகவே அடித்தட்டு கழன்று விழுந்த கப்பில்கூட ஈயம் தண்ணீரில் கரைந்து வரப்போவதில்லை. வருமென்றால் வேறு வழியாக வரும்: அடியைத் தொட்ட விரல், விரலிலிருந்து வாய். பெரியவர்கள் அடியைத் தடவிவிட்டு விரலைச் சூப்புவதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை, காலிக் கப்பைக் கவிழ்த்து அடியை நக்கிப் பார்க்கும். இந்த விவகாரம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

கவிழ்த்து வைத்த கப்பில் என்ன பார்ப்பது

முதலில் அடித்தட்டு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பைச் சுற்றி நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தால், தட்டு ஒரு பக்கம் தூக்கியிருந்தால், கவனம் தேவை. கட்டை விரலால் நடுவில் அழுத்துங்கள். உறுதியாக நிற்க வேண்டும். காதருகே வைத்து லேசாகக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது. கத்தி முனையை விட்டு நெம்பிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். ஒழுங்காக இருந்ததை நாமே கெடுத்துவிடுவோம்.

அடி வெளியே பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் இதைப் பார்க்கலாம். ஐஸாகும்போது தண்ணீர் பெருத்து உள் குவளையைக் கீழே தள்ளும். கப் மேசையில் ஆடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சில பாட்டில்களுக்கு அடித்தட்டே இருக்காது. அடி நடுவில் ஒரு சின்ன வட்டப் பள்ளம், அதன்மேல் பெயிண்டோ ஸ்டிக்கரோ மட்டும் இருந்தால், அந்தப் பொட்டு கிட்டத்தட்ட வெளியேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் நாளடைவில் தேயும். அது ஈயமில்லாத பொட்டு என்று கம்பெனி தெளிவாகச் சொல்லாதவரை, சின்னப் பிள்ளைகள் கையில் அந்தப் பாட்டிலைத் தரமாட்டேன்.

கடைசியாக ஒரு வெந்நீர்ச் சோதனை. கொதிக்கும் நீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொடுங்கள். மூடியருகே லேசாகச் சூடு தெரிவது இயல்பு. வயிற்றுப் பகுதியே சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. இதனால் ஈயம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அடைப்பில் விரிசல் விட்டிருக்க வாய்ப்புண்டு, அடியை இன்னொரு தரம் பாருங்கள். எப்படியும் அது இனி பிளாஸ்க் வேலைக்கு ஆகாது.

இத்தனையிலும் தேறிவிட்டால் கப்பை நிமிர்த்தி, காபி ஊற்றிக் குடிக்கலாம். தம்பி மனைவியின் கப்பும் தேறியது. அவளை வீடியோ காலில் வரச் சொல்லி, அடியைக் காட்டச் சொல்லித்தான் பார்த்தோம்.

தட்டு கழன்றுவிட்டால்

எனக்குத் தட்டு கழன்றது அந்த ஸ்டான்லி கப்பில் அல்ல, இங்கே வாங்கிய வேறொரு கப்பில். பெயர் வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் வண்டியின் முன்கொக்கியில் மாட்டியிருந்த பையிலிருந்து நழுவி, சிமெண்ட் தரையில் நேர்குத்தாக விழுந்தது. பக்கவாட்டில் ஒரு சொட்டைகூட இல்லை, எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை கழுவிக்கொண்டிருக்கும்போது சிங்க்கில் ஏதோ 'டிங்'கென்று விழுந்தது. பார்த்தால் அடித்தட்டு, சின்ன சாஸர் மாதிரி. கப்பின் அடியில், மிளகை நசுக்கி ஒட்டவைத்ததுபோல் ஒரு மங்கலான சாம்பல் பொட்டு. சுற்றிலும் காய்ந்த பசையின் தடம்.

பார்த்தவுடன் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். எனக்கும் போனது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். செய்துவிட்டால் பதற வேண்டாம். ஈயம் தோல் வழியாக உடம்பில் ஏறுவது மிக மிகக் குறைவு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும். சானிடைசர் ஈயத்தை நீக்காது, தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும்.

நான் செய்தது இதுதான். பொட்டின்மேல் அகலமான டேப்பை ஒட்டினேன். சிங்க்கை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போட்டேன். கப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, அடிப்பாகத்தை இரண்டு கோணத்தில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கிறதா?" இல்லை. மூன்று மின்னஞ்சல் போய்வந்தபின் வேறு கப் அனுப்பினார்கள். ஆகவே பில்லைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றார் வீட்டுக்காரர். ஒட்டலாம். வெந்நீரும் கழுவலும் பட்டுப் பட்டு அது மறுபடி விடும், எப்போது விடும் என்று தெரியாது, விடும்போது கப் குழந்தை கையில் இருக்கலாம். பேனா ஸ்டாண்டாக, பூந்தொட்டியாக மாற்றும் யோசனையும் வேண்டாம். பொட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்பது எல்லாவற்றிலும் மோசம். இருந்த ஒரு துண்டு பொடியாகி வீடெல்லாம் பரவும். டேப்போடு பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்.

நிறம் மாறும் குச்சிகள்

வீடியோக்களில் ஒரு குச்சியை நனைத்துத் தேய்ப்பார்கள், ஈயம் இருந்தால் சிவப்போ இளஞ்சிவப்போ ஆகும். சுவரில் உள்ள பழைய பெயிண்டைச் சோதிக்க வந்த பொருள் அது. அமெரிக்காவில் பெயர்பெற்ற 3எம் நிறுவனத்தின் குச்சியும் 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. குச்சி தேய்த்த இடத்தின் மேற்பரப்பை மட்டுமே சொல்லும். கப்பின் உட்புறம் தேய்த்து நிறம் மாறவில்லை என்றால் ஆச்சரியமில்லை, அங்கே ஈயத்துக்கு வேலையே இல்லை. அடித்தட்டைப் பெயர்த்துத் தேய்த்து, சிவந்ததும் "பார்த்தீர்களா!" என்பது, பாம்புப் புற்றைக் கிளறிவிட்டுப் பாம்பு வந்துவிட்டது என்று கத்துகிற கதை.

எக்ஸ்ஆர்எஃப் என்ற, எக்ஸ்-கதிரால் உலோகத்தை அடையாளம் காணும் கருவியால் அடியைப் படித்துப் பெரிய பெரிய எண்களைப் போடுகிறவர்களும் உண்டு. அந்த எண் பொய்யில்லை. அந்தப் பொருளில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. அதில் எவ்வளவு நம் வாய்க்கு வரும் என்பது வேறு கணக்கு.

குழந்தைக் கப்புகளுக்கு மட்டும் தனிக் கண்டிப்பு

இதுவரை "பயப்படாதீர்கள்" என்ற குரலில் எழுதினேன். இந்த இடத்தில் குரலை மாற்றுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி குழந்தைகளுக்கான பொருளில் கை படக்கூடிய எந்தப் பாகத்திலும் ஈயம் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) மேல் இருக்கக்கூடாது. 2022 நவம்பரில் கிரீன் ஸ்ப்ரவுட்ஸ் நிறுவனத்தின் ஸ்டீல் சிப்பர் கப்புகள், பாட்டில்கள் சுமார் 10,500 திரும்பப் பெறப்பட்டன. காரணம் நாம் பேசிக்கொண்டிருப்பதேதான்: அடிப்பாகம் உடைந்து கழன்றால் ஈயப் பொட்டு வெளியே தெரிந்தது. 2023 ஜூலையில் கப்கின் என்ற இரட்டைச் சுவர்க் குழந்தைக் கப்புகள் ஏறத்தாழ 3,46,000, ஈய வரம்பை மீறியதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. ஆன்லைனில் விற்றவை. ஊருக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியில் அப்படி ஒன்று வந்து, இன்னும் எந்த வீட்டு அலமாரியிலாவது இருக்கலாம். பெயரைப் பாருங்கள்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு என் யோசனை எளிது: பிளாஸ்க் வேண்டாம், ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் கொடுங்கள். வெற்றிடம் இல்லை, துளை இல்லை, பொட்டும் இல்லை. எது ஒற்றைச் சுவர் என்று தெரியாவிட்டால் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; ஐந்து நிமிடத்தில் வெளியே வியர்த்துவிடும். பள்ளிக்குப் போகும் தண்ணீர் நான்கு மணி நேரம் ஜில்லென்று இருந்துதான் ஆக வேண்டுமா என்ன?

உடம்புக்கு என்ன செய்யும், டாக்டரிடம் எப்போது போவது

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும், படிப்பிலும் கவனத்திலும் தெரியும். எலும்பில் போய்ப் படிந்துகொண்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இறங்கி ரத்தத்தில் கலந்து சிசுவையும் தொடும்.

தட்டு கழன்ற கப்பைக் குழந்தை பல நாள் கையாண்டிருந்தால், அடியை வாயில் வைத்ததை நீங்கள் பார்த்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனையில், விரலில் ஒட்டியிருக்கும் ஈயமே கணக்கில் சேர்ந்து அதிகமாகக் காட்டிவிடலாம். அதில் கூடுதலாக வந்தால் நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-லிருந்து ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவை வைத்து, அந்த அளவோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளைக் கவனிக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 என்கிறது. அதைத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கூகுளில் மருந்து தேடாதீர்கள். "உடம்பிலிருந்து ஈயம் நீக்கும்" பொடி, ஜூஸ் எதையும் வாங்காதீர்கள்.

நல்ல கப்பில் குடித்த பெரியவர்களுக்கு இந்தச் சோதனை எதற்கும் தேவையில்லை.

புதிதாக வாங்கும்போது

கடையில் "ஃபுட் கிரேடு 304", "பிபிஏ ஃப்ரீ" என்று எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். முதலாவது ஸ்டீலைப் பற்றியது, இரண்டாவது பிளாஸ்டிக்கைப் பற்றியது. அடியிலுள்ள பொட்டைப் பற்றி இரண்டுமே வாய் திறக்கவில்லை. இந்தியாவில் ஸ்டீல் வாக்குவம் பிளாஸ்க்குக்கு ஐஎஸ் 17526 என்ற தரம் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, போலியா என்று பார்த்துக்கொள்ளலாம். போலிச் சரக்கைத் தவிர்க்க அது உதவும். அதை மட்டும் வைத்துப் பொட்டில் ஈயமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள்: "அடியில் வெற்றிடத்தை அடைக்கும் பொருளில் ஈயம் உண்டா?" ஹைட்ரோ ஃபிளாஸ்க், ஓவாலா, கிளீன் கான்டீன் போன்றவை தாங்கள் ஈயமில்லாத அடைப்பையே பயன்படுத்துவதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. ஹைட்ரோ ஃபிளாஸ்க் பத்தாண்டுக்கு முன்பே மாறிவிட்டதாகச் சொல்கிறது. ஆக ஈயமில்லாமல் செய்யவே முடியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. "எங்கள் பொருள் எல்லாத் தரச் சோதனைகளிலும் தேறியது" என்று மழுப்பலாகப் பதில் வந்தால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்று யோசியுங்கள்.

அம்மாவின் ஈயச் சொம்பு

இதை விட்டால் அம்மா விடமாட்டார். தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகம் இருப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். பிளாஸ்க் பொட்டில் இருப்பதும் கார் பேட்டரியில் இருப்பதும் காரீயம். பத்திரிகைகள் இரண்டையும் வெறும் ஈயம் என்றே எழுதிவிடுகின்றன. (பென்சிலுக்குள் இருப்பதையும் காரீயம் என்போம், அது கிராஃபைட். அது இரண்டிலும் சேராது.)

சுத்தமான வெள்ளீயச் சொம்பால் பயமில்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு, கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. கலந்திருந்தால் அது பிளாஸ்க் பொட்டைவிடப் பல மடங்கு மோசம். பொட்டு தண்ணீரைத் தொடுவதே இல்லை. சொம்பிலோ புளித்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க நேராக உலோகத்தில் படுகிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஈயம் நன்றாகக் கரையும். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியதற்குக் காரணம் தேடியபோது, அவர்கள் கொண்டுவந்த சில அலுமினியச் சமையல் பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவது தெரிய வந்தது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான அலுமினியப் பாத்திரங்கள் பற்றி இதே காரணத்துக்காக எச்சரித்தது. அந்தச் சரக்கு இந்தியாவில் செய்தது.

வளைத்தால் கிறீச்சென்று சத்தம் வந்தால் சுத்த வெள்ளீயம் என்பார்கள் பாத்திரக் கடையில். அந்தச் சத்தம் உண்மைதான், ஆனால் அதை நம்பி ரசம் வைக்கும் அளவுக்கு என் காதை நான் நம்பமாட்டேன். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரமுள்ள உலோக ஆய்வகத்தில் கொடுத்து, "காரீயம் எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்ஆர்எஃப் கருவியில் பார்த்தால் சொம்பில் கீறல்கூட விழாது.

அம்மாவின் சொம்பு இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது. ரசம் ஒரு வாரமாக ஸ்டீல் பாத்திரத்தில் கொதிக்கிறது, வாசனையே வரவில்லை என்று ஒவ்வொரு வேளையும் ஒரு முணுமுணுப்பு. டாலஸுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் பெட்டியிலும் எங்கள் வீட்டுச் சொம்பு ஒன்று போயிருக்கிறது, ரிப்போர்ட் வரட்டும்.